காராபூந்திக்கு ஒரு கையெழுத்து

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. சித்தூரில் ஒரு பாலிடெக்னிக்கின் கணினி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தோழி சொன்னது. "எழுதிகிழுதித் தொலைக்காதே" என்றாள். பெயரை யமுனா என்று மாற்றிவிட்டேன். சொன்ன பேச்சைப் பாதி கேட்டாயிற்று.

2

முதல் வரி: 'பூதலப்பட்டு தாண்டியதும் பஸ் ஜன்னலோரம் மாந்தோப்புகள்...'

(வேண்டாம். யமுனா வழியெல்லாம் போனைத்தான் பார்த்தாள்.)

மறுபடியும்: 'லினக்ஸ் என்பது...'

(எழுந்து போகாதீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்.) அது யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் இயங்குதளம். அதில் ஒரு நிரல்மொழி ஓட, அதன் கருவிகளை யாராவது பொட்டலம் கட்டிப் பொறுப்பேற்க வேண்டும். யமுனா சம்பளமில்லாமல் ஒன்று கட்டியிருந்தாள். அதைப் புதிய பதிப்பில் சேர்க்கும் உரிமை வேண்டுமானால், அதைப் பராமரிக்கும் குழுவில் ஏற்கெனவே உறுப்பினரான ஒருவர் அவளை நேரில் பார்த்து, 'இவர் இவர்தான்' என்று கணினியில் கையெழுத்திட வேண்டும். பதிப்பில் புதிதாகச் சேர்ப்பதோ சீக்கிரமே நின்றுவிடும். தவறினால், இன்டர்நெட் இல்லாமல், பதிப்போடு வருவதை மட்டுமே நம்பியிருக்கும் அவளுடைய ஆய்வகத்துப் பிள்ளைகளுக்கு இந்த வருடம் அந்த மொழி கிடையாது.

பக்கத்தில் இருந்த ஒரே உறுப்பினர் திருப்பதி கமலக்கண்ணன்.

3

அவரை வில்லனாக்க ஆசைப்பட்டேன். மீசைகூட வைத்தேன். [எடுத்துவிட்டேன்.] மனிதர் திருப்பதி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவளுக்கும் சேர்த்து மசால்வடை சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

ஆதார் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவர் கையெழுத்திட வேண்டிய, அவளுடைய கணினி முத்திரையின் எண்கள் அச்சிட்ட சீட்டை வாங்கிக்கொண்டார். அப்புறம் புலம்ப ஆரம்பித்தார்.

"நீ நேர்ல வந்துட்டம்மா. 'காராபூந்தி'ன்னு ஒருத்தன் கீறான், பேரை மறைச்சிகினு. என் பொட்டலத்துல தப்புன்னு எழுதினான். நான் பதில் போடலையாம். 'பொட்டலக்காரர் உயிரோட இருக்காரா? இல்லாங்காட்டி வேற ஆளைப் போடுங்க'ன்னு ஊருக்கே தெரியற மாதிரி எழுதிட்டான். அன்னிக்கி எங்க நைனாவுக்குக் காரியம் நடந்துகினு இருந்துச்சி."

காராபூந்தி யமுனாதான்.

4

வாயை மூடிக்கொண்டிருந்தால் கையெழுத்து கிடைத்துவிடும். சீட்டில் இருப்பது அவளுடைய சொந்தப் பெயர், பொய்யே இல்லை. என் வரைவில் அவள் வடையை மென்றுகொண்டே, "சீ, என்னா ஜனம் சார்!" என்றாள். எனக்கு அந்த யமுனாவை ரொம்பப் பிடித்திருந்தது. நிஜமானவள் கதையைக் கெடுத்துவிட்டாள்.

"சார், அது நான்தான். உங்க நைனா விசயம் தெரியாது சார். மன்னிச்சிக்கோங்க."

கமலக்கண்ணன் ஆறிப்போன டீயை ஊதினார்.

"எவ்ளோ நாளா அவனைத் திட்டிகினு இருந்தேன்..." என்று நிறுத்தினார். "ஏம்மா, நெசமாவே தப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சி சார்."

பாவி, அதையாவது இல்லையென்று சொல்லியிருக்கலாம்.

5

அங்கேயே கையெழுத்துப் போடுவது இவர்களிடம் வழக்கமில்லை. வீட்டுக்குப் போய், சொந்தக் கணினியில், தனியாகத்தான். சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வடைக்கும் டீக்கும் காசைக் கொடுத்துவிட்டு அவர் கிளம்பினார். யமுனா சித்தூர் பஸ் ஏறி அழுதாள்.

முடிவு அ: போட்டார்.
முடிவு ஆ: சட்டை, சீட்டோடு சலவைக்குப் போய்விட்ட...

இரண்டையும் அடித்துவிட்டேன். அந்தக் கணினி முன்னால் உங்களை உட்கார வைக்கிறேன். செத்தது உங்கள் நைனா. கோபம் நியாயமானதுதான். திரை உங்களிடம் மன்னித்தாயிற்றா என்று கேட்கவில்லை. இந்தப் பெண் தன்னை யாரென்று சொன்னாளோ, அவள் அவள்தானா என்று மட்டும் கேட்கிறது.

என்ன அழுத்துகிறீர்கள்?