வல்லூறின் மேல் ஒரு ரேகை

அப்பாவுக்குப் போடச் சட்டை தேடி அலமாரியைத் திறந்த மகளின் கையில் முதலில் சிக்கியது அவருடைய வெள்ளைக் கையுறைகள்தான். பக்கத்து அறையில் அவர் உடலைக் கிடத்தியிருந்தார்கள். வண்டி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

கையுறைகளுக்கு அடியில் அந்தச் சின்னப் பெட்டி. ஏதோ ஒரு நூற்றாண்டு விழாவின் நினைவாக, சேகரிப்பவர்களுக்கென்றே வெளியிட்ட வெள்ளி நாணயம். சிறகு விரித்த வல்லூறு, சுற்றிலும் முகம் பார்க்கும்படியான பளபளப்பு. நாற்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்த்த மனிதருக்கு விரல் ரேகை என்றாலே ஆகாது. பத்து வயதில் இதைத் தொடப் போய் வாங்கிய அறை அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

"வெறும் கை பட்டா ரேகை அப்படியே நின்னுடும். நானே தொடமாட்டேன், தெரியுமா?" என்பார் அப்பா.

கடைசி ஆறு வருஷம் அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மலம் துடைத்த கைகளுக்கும் அதே சட்டம்தான். எல்லோருக்கும் ஒரே சட்டம் என்பதால் அவளுக்குக் குறையாகத் தெரிந்ததில்லை.

கையுறை மாட்டி, விளிம்பைப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தாள். வல்லூறின் மார்பில் பெரிய கட்டைவிரல் ரேகை ஒன்று பழுப்பேறிக் கிடந்தது.

"அது என் விரல்தான்க்கா." காலையில்தான் ஊரிலிருந்து வந்து இறங்கிய தம்பி கதவருகே நின்றான். "ரெண்டு வருஷம் முன்னாடி வந்தேன்ல, நீ மருந்து வாங்கப் போயிருந்தப்ப எடுத்துக் காட்டினார். கிளவுஸ் கேட்டேன். 'உனக்கு எதுக்குடா அதெல்லாம், சும்மா கையில வாங்கிப் பாரு'ன்னார். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதேன்னார்."

சிரிக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"நீ... தொட்டதே இல்லையா?"

அவள் நாணயத்தைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். இத்தனை வருஷமும் ஏமாந்திருக்கிறாள்.

"எந்தச் சட்டை போடலாம்?" என்றாள்.

"நீலம் போடுக்கா. அப்பாவுக்குப் பிடிக்கும்."

அப்பாவுக்கு நீலத்தைக் கண்டாலே ஆகாது. யாரோ கொடுத்து, மடிப்புக் கலையாமல் அடியில் கிடந்த நீலச் சட்டையையே எடுத்துக் கொடுத்தாள்.

தம்பி போனதும் கையுறைகளைக் கழற்றினாள். நாணயத்தை வெறும் கையால் எடுத்து, கைப்பையில் சாவிக்கொத்தோடு போட்டு ஜிப்பை இழுத்தாள்.

மேடும் பள்ளமுமான தெருவில் வண்டி குலுங்கிக்கொண்டே போனது. மடியிலிருந்த பைக்குள் சாவிகள் வழி முழுவதும் உரசிக்கொண்டே வந்தன.