நோன்பு வீட்டுக் கடல்பாசி

எம்.எஸ்ஸி. வகுப்பில் என் ஒருத்திக்கு மட்டும்தான் அகர் தீர்ந்துபோனது. கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் கூழாக உறைகிற பொருள் அது. அலமாரியைத் திறந்துகூடப் பார்க்காமல், "இல்லை" என்றார் பேராசிரியர்.

பல்லைச் சொத்தையாக்கும் கிருமியைக் கருவேலம்பட்டைச் சாறு அடக்குமா என்பது என் ஆய்வு. அதுவரை போட்ட தட்டுகளில் கிருமியே சரியாக வளரவில்லை. பிறகு சாறு எதை அடக்கும்?

"ரோட்டோர மரத்தைச் சுரண்டுவதெல்லாம் ஆராய்ச்சியாம்மா? திங்கட்கிழமை ஒன்றும் காட்டாவிட்டால் தலைப்பை நான் தருகிறேன்" என்றார்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அவர் தூக்கிப்போடும் தலைப்பை வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை.

அகர் வேறொன்றுமில்லை, கடல்பாசிதான். ரம்ஜான் மாதம். பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா அக்கா நோன்பு திறக்கத் தினமும் அதைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் காய்ச்சினால் கட்டி கட்டியாக நின்றது. சனிக்கிழமை காலை, இறைச்சி வேகவைத்த சாற்றைத் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இதுலயா? கறித்தண்ணியில கடல்பாசியா? உவ்வே! யாருடி துன்றது?"

"கிருமிதான்க்கா."

"அதுக்கு வந்த வாழ்வப் பாரு" என்று சிரித்தபடி அடுப்பை மூட்டினாள்.

அடுத்து கிருமி. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டும் என் அப்பா பாஸ்கலின் கடைவாய்ப்பல் முழுக்கச் சொத்தை. வாயைத் திறக்கச் சொல்லி, சுட்டு ஆறவைத்த ஊசியால் சுரண்டினேன்.

"நைனா பல்ல நோண்டவா உன்ன காலேஜ் அனுப்சேன்?"

"பேசாதே நைனா, கிருமி ஓடிடும்."

கல்லூரியில் கூழை ஆவியில் வேகவைத்துத் தட்டுகளில் ஊற்றினேன். உறைந்ததும் அப்பாவின் சொத்தையைத் தடவினேன். ஒவ்வொரு தட்டிலும் இரண்டு காகிதப் பொட்டு: ஒன்று பட்டைச்சாற்றில் நனைத்தது, ஒன்று வெறும் தண்ணீரில். சூட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வீடு திரும்பினேன்.

நோன்பு திறக்கச் சொல்லும் மக்ரிப் பாங்கு முடிந்திருந்தது. ரஹீமுன்னிசா அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"எல்சி, ஒரு பேஜாரு ஆயிடுச்சுடி. நோன்பு தொறந்துட்டு, சட்டியில ஒட்னத வழிச்சி வாயில வெச்சேன். இனிக்குது."

"இன்னாது?"

"சக்கரைய அள்ளிப் போட்டுக்கீறேன். தினம் போட்ற கை, தானா போட்ருச்சு. நோன்புல ருசி பாக்க முடியுமா, நீயே சொல்லு?"

"அறிவு கீதாக்கா உனக்கு?" என்று கத்தினேன். திரும்பச் செய்ய நாளில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நான் வேண்டிக்கொள்ளவில்லை; பேராசிரியரை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை அவர் முன்னாலேயே பெட்டியைத் திறந்தேன். தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாக, பிசுபிசுவென்று, சந்தையில் கூட்டம் நெரிகிற மாதிரி கிருமி. தண்ணீர்ப் பொட்டின் ஓரம்வரை ஏறிவந்திருந்தது. பட்டைச்சாற்றுப் பொட்டைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டாற்போல் ஒரு வட்டம். எல்லாத் தட்டிலும் அதே வட்டம்.

சர்க்கரை! பல்லில் அதைத் தின்றுதானே இவை கொழுக்கின்றன? இத்தனை நாள் பட்டினி போட்டுவிட்டு வளரவில்லையே என்று அழுதிருக்கிறேன். வாய்விட்டுச் சிரித்தேன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "இந்தக் கூழ் மீடியம் யார் கொடுத்தது?"

"ரஹீமுன்னிசா. ராயபுரம். சர்க்கரை சேர்த்தது, சார். தலைப்பை மாற்றணுமா?"

"எதற்கு?" என்றார் எரிச்சலாக. "இன்னும் நான்கு தட்டு போடு. அகர் தரச் சொல்கிறேன்."

"வேண்டாம் சார். எங்ககிட்ட இருக்கு."

அன்று மாலை நோன்பு திறக்கும் நேரத்தில் அக்கா வீட்டுக்கு ஓடினேன். சர்க்கரைதான் காப்பாற்றியது என்று சொல்லி, திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஒரு துண்டு கடல்பாசியைத் திணித்துவிட்டாள்.

"அப்போ அடுத்த தபா ரோஸ் எசன்சும் ஊத்தட்டா? அதுங்களுக்கும் வாசனையா இருக்கும்ல?"

பின்னாலேயே வந்த அப்பா கிண்ணத்தோடு வாங்கிக்கொண்டார். "கிருமி யாருது? எனக்குத்தான் ரெண்டு பங்கு" என்று கடைவாயில் வைத்துக் கடித்தவர், "ஐயோ மாதாவே!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துள்ளினார்.

பட்டைக் கஷாயம் கொண்டுவர வீட்டுக்கு ஓடினேன். வழியெல்லாம் சிரிப்பு அடங்கவில்லை.