வெள்ளைக்காரன் வரைந்த காளை

மனைவியோடும் மகனோடும் பெண் பார்க்க வந்த நெய்க்காரப்பட்டி சோலைமுத்து, காபித் தட்டோடு நின்ற பெண்ணை ஏறிட்டும் பார்க்காமல், சுவரில் தொங்கிய காளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா, திண்டுக்கல் மாட்டுத் தரகர் பெருமாள்சாமிக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் குடியிருந்த வெள்ளைக்கார ஓவியன் ஒருவன், வேறு சோலி இல்லாமல் மாடு மாடாகப் பென்சிலில் வரைந்து தள்ளியிருக்கிறான். அதில் ஒன்று பங்களா ஏலத்தில் தோல் மண்டி சௌகத் அலியிடம் சிக்கியது. தோலை உரிக்க முடியாத மாடு எனக்கெதற்கு என்று அவர் இங்கே தள்ளிவிட்டார். மகள் முத்துப்பேச்சிக்கு வந்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. இதாவது அமையட்டும், வீடு கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்றுதான் படத்தை மாட்டியிருந்தார்.

சோலைமுத்து எழுந்து போய்ப் படத்தில் மூக்கு உரச நின்றார். திரும்பியபோது முகம் செத்துப்போயிருந்தது.

"ஏனுங்க, விலாவுல பூரானாட்டம் மயிரு கீழ எறங்குதுங்களே. எறங்குபூரான் சுழிங்க. குடும்பத்தையே எறக்கிப்போடும். இது நிக்கிற வூட்டுல எப்படிங்க சம்பந்தம் பண்றது?"

ஊரார் மாட்டுக்கெல்லாம் சுழி பார்க்கிற பெருமாள்சாமி, இதில் கொம்பையும் திமிலையும் பார்த்ததோடு சரி. வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் பத்து வருஷமாகியும் ஒருத்தன் தன் மகள் கல்யாணத்தில் குறுக்கே வந்து நிற்கிறானே என்று மனசாரத் திட்டினார். மாடு செத்து நூறு வருஷம் இருக்கும், அவன் கை தவறியிருக்கும் என்று சொல்லிப் பார்த்தார். சோலைமுத்து மசியவில்லை.

"கொம்பு சரி, குளம்பு சரி, சுழி மட்டும் தப்புங்களா? அந்த மனுசன் பாத்துத்தானுங்க வரஞ்சிருக்காரு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். மனைவியும் எழுந்தாள்.

முத்துப்பேச்சி தட்டைக் கீழே வைத்தாள். விறுவிறுவென்று போய்ப் படத்தைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி, இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"மாமா, இப்பப் பூரான் ஏறுதுல்ல? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

ஏறுபூரான் என்றால் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிற சுழி. காளையோ நாலு காலையும் மேலே நீட்டி மல்லாந்து கிடந்தது. சோலைமுத்து தலையை ஒரு தோளில் சாய்த்துப் பார்த்தார். பிறகு மறு தோளில். அவர் மனைவியும் சாய்த்தாள். மாப்பிள்ளைப் பையன் மட்டும் கழுத்தைக் கோணாமல், படத்துக்கு மேலே தெரிந்த முத்துப்பேச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.