வலது பையில் ஒரு கார்க்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் தீவில் முதன்முறையாக இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம் நடத்தினார்கள். பரிசு கிடையாது, சும்மா ஜாலிக்காக. பதினேழாவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுக்க நான் நின்றேன். (ஓடச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்துதான் தண்ணீருக்குப் பெயர் கொடுத்தேன்.) எல்லோரும் போய் வெகு நேரம் கழித்து ஒரு பெண் வந்தாள். பின்னால் ஒரு வேன் உருண்டு வந்தது. டம்ளரை வாங்கிக் குடித்தாள். வலது பையிலிருந்து எதையோ எடுத்து இடது பையில் போட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். வேனிலிருந்து யாரோ ஏதோ கேட்டார்கள். எனக்குக் காதில் விழவில்லை. அவள் ஓடிப்போனாள்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: கடல் பொன்னாக மின்னிய அந்த அதிகாலையில் அவள் தன் கனவுகளை—

வேண்டாம். வியர்வை கண்ணில் இறங்கினால் கடல் எந்த நிறத்திலும் தெரியாது.

இரண்டாவது: அவள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கூச்சக்காரி. ரோட்டில் ஓடினால் நாலு பேர் பார்ப்பார்களே என்று, மற்றவர்கள் வேலைக்கு வருவதற்கு முன்பு கூடத்தின் மொட்டைமாடியில் ஓடிப் பழகினாள். கைப்பிடிச் சுவரை ஒட்டி டேப் பிடித்து அளந்தாள். ஒரு சுற்று ஐம்பது மீட்டர். இருபது சுற்று ஒரு கிலோமீட்டர். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், சோதனைக் குழாயை மூடும் ரப்பர் கார்க் ஒன்றை வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுவாள். ஓட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு இருபத்தொரு கார்க்கும் இடது பைக்குப் போய்ச் சேர்ந்தன.

இது இருக்கட்டும்.

3

அவளுடைய அக்காவிடம்தான் எனக்குத் தகராறு. முதல் வரைவில் அவளை வில்லியாக்கினேன். அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். கடைசியாக வருபவரின் பின்னால் மெதுவாகப் போய், முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள அந்த வேனைத்தான் அமர்த்தியிருந்தார்கள். முன் சீட்டில் அக்கா, பட்டியலும் பேனாவுமாக. மூன்றரை மணி நேரத்துக்குள் முடிவுக் கோட்டைத் தாண்டாதவரின் எண்ணுக்கு நேராக அவள் ‘முடிக்கவில்லை’ என்று எழுத வேண்டும்.

"ஏறிக்கடி. யாரு பாக்கப் போறாங்க?"

"நீ பாக்குறியே."

"கார் ஓட்டக் கத்துக்கப் போன, பாதியில விட்ட. ஆராய்ச்சிப் படிப்பு, அதையும் விட்ட. இதையும் விட்டா புதுசா ஒண்ணும் இல்ல."

"அதனாலதான் விடல."

"வாய் மட்டும் நல்லா ஓடுது!"

அத்தான் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "இந்த வேகத்துல போனா வண்டி இஞ்சினே அழுதுடும்மா. ஏசி இருக்கு, வா."

"ஏசியப் போட்டுட்டு நீங்க தூங்குங்க அத்தான்."

(வில்லி என்றால், வெயில் ஏறியதும் தன் தொப்பியைக் கழற்றி ஜன்னல் வழியே ஏன் தங்கை மேல் எறிந்தாள்? தெரியவில்லை. தொப்பியை அழிக்கவும் மனமில்லை.)

4

இப்போது அந்தச் சிரிப்பு.

பதினேழாவது கார்க்கை மாற்றும்போது அவள் தொடைகள் கல்லாகியிருந்தன. மாடியில் இருபத்தொன்று ஓடியவளுக்குப் பதினேழில் ஏன் இப்படி? டம்ளரும் கையுமாக யோசித்தாள். அளந்தது சுவரோரம். ஓடியது? சுவரோரம் ஓடினால் தெருவிலிருந்து தலை தெரியும் என்று, தண்ணீர்த் தொட்டியை ஒட்டி உள்வட்டத்தில் ஓடினாள். அது நாற்பது மீட்டர்தான். நானூற்றிருபது சுற்றுக்குப் பதினாறாயிரத்து எண்ணூறு மீட்டர்.*

அவள் உடம்புக்குப் பழக்கமான தூரம் இருநூறு மீட்டருக்கு முன்பே தீர்ந்துவிட்டது. அது தெரியாமல் கால்கள் தம் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தன. அதற்குத்தான் சிரித்தாள்.

"என்னடி சிரிப்பு? வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?"

"தப்பா அளந்துட்டேன்க்கா. இவ்ளோ தூரம் நான் ஓடினதே இல்ல."

"அப்ப ஏறு!"

"இப்பதான் ஏறவே மாட்டேன்."

* நீங்களும் பெருக்கிப் பார்க்கலாம். மில்லிலிட்டரில் பிசகாதவள், வெட்கத்தில் ஒரு சுற்றுக்குப் பத்து மீட்டர் விட்டுவிட்டாள்.

5

முடிவு அ: கடைசி நொடியில் கோட்டைத் தாண்டுகிறாள். அக்கா கட்டிப்பிடித்து அழுகிறாள். எழுதி அடித்துவிட்டேன். இந்த அக்கா அழமாட்டாள்.

முடிவு ஆ: வேனில் ஏறி, தோல்வியும் நல்லதுக்கே என்று உணர்கிறாள். மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் கதவு வரை கொண்டுபோய் விட்டேன். ஏறாமல் ஓடிவிட்டாள்.

முடிவு இ: திடீரென்று வேன் பழுதாகி நின்றுவிட—

சீ.

வாசித்துப் பார்த்த தோழி, "தாண்டினாளா இல்லையா, அத மட்டும் சொல்லு," என்றாள். சொல்ல மாட்டேன். தாண்டினால்தான் அவளை மதிப்பீர்கள் என்றால், அது உங்கள் பாடு.

6

ஆகவே நிலவரம் இது. இடது பையில் இருபது கார்க். வலது பையில் ஒன்று. மிச்சம் ஒரு கிலோமீட்டர், ஒன்பது நிமிடம். கோட்டின் மேல் நிற்கும் காற்றடைத்த வளைவைச் சுருட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். சாலையோரம் நாற்பது பேராவது அவளைப் பார்க்கிறார்கள். ஒளிய இங்கே தண்ணீர்த் தொட்டி இல்லை. அவள் நடுச்சாலையில் ஓடுகிறாள்.

பின்னால், வேனுக்குள், அக்கா சீட்டுக்கடியில் துழாவுகிறாள்.

"பேனாவ எங்கங்க வெச்சீங்க?"

"உன் கையிலதான இருந்துச்சு?"

தேட வேண்டாம் அக்கா. அதை நான் எடுத்துவிட்டேன். இதை எழுதிக்கொண்டிருப்பதே அதில்தான். ‘முடிக்கவில்லை’ என்று எழுத இந்தக் கதைக்குள் வேறு பேனா கிடையாது.

கடைசிக் கார்க்கை உங்களிடம் தருகிறேன். எந்தப் பையில் போடுவது என்று அவளைக் கேட்காதீர்கள். அவள் ஓடிக்கொண்டிருக்கிறாள்.