நிற்காமல் போகச் சொன்னவர்

லைசென்ஸ் ஆபீசில் அவருக்கு முட்டுக்கட்டை என்று பெயர். டிரைவிங் ஸ்கூல்காரர்கள் வைத்தது. பத்தொன்பது வருஷமாக ஓட்டுநர் தேர்வு எடுக்கிறார். மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டாரென்றால் தயவு தாட்சண்யமே கிடையாது. சொந்த மச்சானையே இரண்டு தடவை ஃபெயில் போட்டவர். அந்த வீட்டில் இன்றைக்கும் அவருக்கு ஆறிப்போன காபிதான்.

அப்பேர்ப்பட்ட மனிதரை வயிறு படாத பாடு படுத்தியது. ஒரு வருஷமாக உப்புசம், வயிற்றுப்போக்கு, உடல் மெலிவு. ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், கோதுமை ஆகாத சீலியாக் நோயாக இருக்கலாம், வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். அதற்குத் தேதி கிடைத்தது ஆறு வாரம் கழித்து. அதுவரை கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் குடல் ஆற ஆரம்பித்துவிடும், பரிசோதனையில் நோய் தெரியாமலே போய்விடலாம். ஆகவே தினம் இரண்டு துண்டு ரொட்டி. சாப்பிட்ட பிறகு வயிறு என்ன செய்கிறது என்பதை ஒரு நோட்டில் எழுதிவரவும் சொன்னார்.

"ஒத்துக்காதுன்னும் சொல்றாரு, தினம் தின்னுன்னும் சொல்றாரு. நல்லா இருக்கு வைத்தியம்" என்றாள் மனைவி. "ராத்திரியில சாப்பிட்டுத் தொலைங்க. பகல்ல நாலு பேரோட வண்டியில போற ஆளு."

அது நல்ல யோசனைதான். மூன்று வாரம் அப்படியே ஓடியது. ஒரு ராத்திரி மட்டும் அசதியில் சாப்பிடாமல் தூங்கிவிட்டார். வேறு யாராவது என்றால் போனால் போகிறது என்று விட்டிருப்பார்கள். இவரோ காலையில் எழுந்து, விட்டுப்போன இரண்டோடு அன்றைய இரண்டையும் சேர்த்து நான்கு துண்டைத் தின்றுவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார். டாக்டர் அப்படிச் செய்யச் சொல்லவே இல்லை.

அன்றைக்கு முதல் தேர்வு ஒரு பெண்ணுக்கு. முப்பது வயது இருக்கும். மூன்றாவது முயற்சி. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "ஸ்கூல் வேன் ஓட்டுற வேலை சார். ஒண்ணாந்தேதி சேரணும். இன்னைக்கு விட்டா அடுத்த தேதி மூணு மாசம் கழிச்சுத்தான் கொடுப்பாங்களாம்."

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றார் முட்டுக்கட்டை.

நன்றாகவே ஓட்டினாள். குறை சொல்ல அவருக்கே ஒன்றும் அகப்படவில்லை. பாலத்தை விட்டு இறங்கும்போது அவருடைய அடிவயிற்றில் யாரோ துணி பிழிவது போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். நெற்றியில் வியர்வை அரும்பியது. எதிரே சிக்னல், சிவப்பு. அதற்கு அப்பால் ஒரு பெட்ரோல் பங்க், அதன் மூலையில் கழிப்பறை. அவள் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் அழகாக வண்டியை நிறுத்தினாள்.

"போங்க. நிக்காதீங்க" என்றார்.

"சார், சிவப்பு."

"தெரியுது. அந்த பங்க்குக்குப் போங்க. தயவுசெஞ்சு போங்கம்மா."

தயவுசெய்து என்ற சொல் அந்த இருக்கையிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். வண்டி எதுவும் வரவில்லை. போனாள்.

ஆனாலும் ஒரு நிமிஷம் பிந்திவிட்டது. கழிப்பறையில் முடிந்த மட்டும் கழுவிக்கொண்டு, நனைந்த பேன்ட்டோடு கூனிக் குறுகி வெளியே வந்தார். ஐம்பத்திரண்டு வயது. வீட்டில் கல்யாண வயதில் மகள். அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. காரில் அவர் இருக்கையின் மேல் ஒரு செய்தித்தாள் விரித்திருந்தது. கண்ணாடிகள் நான்கும் இறக்கப்பட்டிருந்தன. அவள் நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் வரும்வரை அவர் அசைந்தபோதெல்லாம் காகிதம்தான் சரசரத்தது.

வாசலில் குமாஸ்தா மறித்தார். "என்ன சார், இருபது நிமிஷத்துல வர்ற ஆளு முக்கால் மணி நேரம்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "என்னாலதான் சார். வழி தவறிட்டேன்."

அவள் எதற்காக அப்படிச் சொன்னாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தார். படிவத்தை மேஜையில் வைத்து, 'சிவப்பு விளக்கில் நிறுத்தக் கோட்டைத் தாண்டினார்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். அந்த ஒரு தவறு போதும், மற்றதைப் பார்க்கவே வேண்டாம், ஃபெயில். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் படிவத்தை வாங்கிப் படித்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடம்பைப் பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து குளித்தார். மறுபடியும் குளித்தார். சாயங்காலம் மனைவி அந்த நோட்டைப் புரட்டினாள்.

"முதல் வாரம், லேசான உப்புசம். ரெண்டாவது வாரம், பரவாயில்லை" என்று படித்தவள் நிமிர்ந்தாள். "பரவாயில்லையா? தினம் சாமத்துல ஓடுறீங்க. பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டாச்சு. டாக்டருகிட்ட போய் இதையா நீட்டப் போறீங்க?"

"எழுதக் கை வரலை."

"ஊரார் தப்பையெல்லாம் புட்டுப் புட்டு வைக்கிற கை."

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி காலையில் நடந்ததை எல்லாம் சொன்னார். பேன்ட் விஷயத்தைச் சொல்லும்போது அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஃபெயில் போட்டதைச் சொன்னதும் கையை எடுத்துவிட்டாள்.

"நான் துணை போறதா இல்ல இதுக்கு" என்று எழுந்து உள்ளே போனாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை அவரே எடுத்து வைத்துக்கொண்டு தின்றார்.

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் மேலதிகாரியிடம் ஒரு விளக்கக் கடிதம் கொடுத்தார். அரைப் பக்கம். அதிகாரி இவரைவிடப் பதினைந்து வயது இளையவர். படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் படித்தார்.

"இதை ஃபைல்ல வைக்கணும் சார். நாலு பேர் கண்ணுல படும். 'உடல்நலக் குறைவு'ன்னு மட்டும் போட்டுக்கலாமே?"

அவருக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் தனக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் எழுதினால் கோட்டைத் தாண்டியது அவள் தப்பாகத்தானே நிற்கும்?

"நின்ன வண்டியை நான்தான் எடுக்கச் சொன்னேன்னு இருக்கணும் சார். ஏன் சொன்னேன்னும் இருக்கணும். இல்லாட்டி யாரு நம்புவா?" என்றார். "அவங்க வழியும் தவறலை."

அதிகாரி படிவத்தை எடுத்தார். டிக்கின் மேல் கோடு போட்டு நீக்கி, பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மத்தியானத்துக்குள் குமாஸ்தாவுக்குத் தெரிந்துவிட்டது. குமாஸ்தாவுக்குத் தெரிந்தால் டிரைவிங் ஸ்கூல்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த மாதிரிதான். கேன்டீனில் இவர் நுழைந்ததும் ஒரு மேஜை சட்டென்று அமைதியானது. ஒருவன் இருமுவதுபோலச் சிரிப்பை அடக்கினான். காது மடல் எரிய, டீயைக் குடிக்காமலே திரும்பினார்.

படிவத்தில் இருந்த நம்பருக்கு அவரே போன் செய்தார். யாரென்று சொன்னார். பாஸ் ஆகிவிட்டதென்றும், லைசென்ஸை வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

"நேத்து பஸ்ஸுல பூரா அழுதுக்கிட்டே போனேன் சார்" என்றாள். சண்டைக்கு இழுக்கும் குரல் இல்லை. "வீட்டுல எங்க மாமியா கேட்டாங்க, என்ன தப்பு பண்ணினேன்னு. சொல்லவும் முடியலை. எதுக்கு சார் அப்படிப் போட்டீங்க?"

அவரிடம் பதில்கள் தயாராக இருந்தன. சட்டம், அவசரம், மனநிலை சரியில்லை. காலையிலிருந்து ஒவ்வொன்றாக யோசித்து வைத்தவை. அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டார்.

"நீங்க என்னைப் பாத்துட்டீங்கம்மா" என்றார். "திரும்ப உங்க முகத்துல முழிக்க முடியாதுன்னு தோணுச்சு. வேற ஒண்ணும் இல்லை."

பரவாயில்லை சார் என்று சொல்வாள் என அவர் காத்திருந்தார்.

"வியாழக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.