தேசங்காவைக் கண்டால் நிற்கும் சிம்னி

மறுநாள் அவர்கள் குடும்பத்தின் காவல் புனிதரான நிக்கோலாவின் திருநாள். நோன்பு நாள் என்பதால் இறைச்சி கிடையாது. கெண்டை மீனைப் பொரித்தே ஆகவேண்டும். ஸ்மெதெரெவோ நகரில் இருந்த அத்தனை உறவும் வந்து இறங்கும். வூகாஷினின் மனைவி சென்காவுக்கோ மூன்றாம் மாதம். மீன் வாடை பட்டாலே குடலைப் புரட்டியது. அடுப்புக்கு மேலே இருந்த சிம்னி புகையை இழுக்காவிட்டால் விடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாள். குடும்பத் திருநாளில் மருமகள் வீட்டில் இல்லையென்றால் அப்புறம் கேட்கவேண்டுமா? வருகிறவர்களின் வாய்க்கு அவல்தான்.

சிம்னி ஓடத்தான் செய்தது. விளக்கு எரிந்தது, மோட்டார் உறுமியது, இழுப்பு மட்டும் இலையுதிர் காலத்திலிருந்து செத்துக்கிடந்தது. வூகாஷின் வடிகட்டியைச் சோடா உப்பில் கொதிக்கவைத்துத் தேய்த்தான். குழாய்க்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினான். எல்லாவற்றையும் மாட்டி, ஒரு காகிதத் துண்டை அடியில் பிடித்தான். டக்கென்று ஒட்டிக்கொண்டது!

"அம்மா, ஓடி வா!"

அம்மா தேசங்கா வந்தாள். குமட்டலுக்காகச் சென்கா திறந்துவைத்திருந்த சன்னலை முதலில் அறைந்து சாத்தினாள்.

"இந்தப் பனியில குளிர்காத்து! புள்ளத்தாச்சியைக் கொல்லப் பாக்கறியாடா?"

காகிதம் நழுவி வாணலியில் விழுந்தது.

"எங்கடா இழுக்குது?"

"இப்பத்தான் இழுத்துச்சு, சத்தியமா!"

தேசங்கா போனாள், சென்கா சன்னலைத் திறந்தாள், காகிதம் ஒட்டியது. தேசங்கா திரும்பி வந்து சாத்தினாள், விழுந்தது. வூகாஷினுக்குத் தலை கிறுகிறுத்தது. மோட்டாரையே கழற்றி மாட்டினான். மறுபடியும் அதே கூத்து.

"நீ வந்தாலே நின்னுடுதும்மா. உன்னைக் கண்டா பயம்."

"உங்கப்பனும் அப்படித்தான் இருந்தாரு."

சென்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிம்னியை விடு, வூகாஷின். சன்னலைப் பாரு. அக்டோபர்ல எதை மாத்தின?"

அவன் சன்னல் விளிம்பைத் தடவிப் பார்த்தான். புது பிளாஸ்டிக் சன்னல்! ஓர் இழை காற்று நுழையாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவனே அவன்தான். உள்ளே காற்று வர வழியே இல்லாவிட்டால் பாவம், சிம்னி எதை வெளியே தள்ளும்?

"அப்ப நாளைக்கு சன்னல் திறந்துதான் இருக்கணும்," என்றான்.

"கூடாது!" தேசங்காவின் குரல் உடைந்தது. "உனக்கு முன்னாடி ஒண்ணு வயித்துல இருந்துச்சுடா. குளிர்காத்துல நின்னு துணி உலர்த்தினேன். தங்கல."

அந்த வீட்டில் யாரும் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. வூகாஷின் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். சென்கா மெல்ல, "நான் வாடையைப் பொறுத்துக்கறேன் அத்தை," என்றாள்.

"நீ ஒண்ணும் பொறுக்கவேணாம். சமையக்கட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு நானே பொரிக்கறேன். நான் இனிமே யாரைச் சுமக்கப்போறேன்?"

மறுநாள் சென்காதான் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றாள். கூடத்தில் மீன் வாடையே இல்லை. மாமியாருக்குக் கொஞ்சம் சூடாகத் தேநீர் கொடுக்கலாமென்று சமையலறைக் கதவைத் திறந்தாள். சன்னல் விரியத் திறந்திருக்க, பனிக்குல்லாயும் செத்துப்போன கணவரின் மேலங்கியுமாக, மூக்குச் சிவக்க மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள் தேசங்கா.

"கதவைச் சாத்துடி! புள்ளைக்குக் காத்து!"

சென்கா அழுதுகொண்டே சாத்தினாள்.