கப்பலிலிருந்து இறங்காதவர்கள்

1994 ஐப்பசியில், அவிநாசிக்கு வடக்கே ஒரு குளத்தில், மேல்தட்டுக்கு மேல் கழுத்தளவுத் தண்ணீர் நிற்க, பழைய பாய்மரக் கப்பல் ஒன்று மூழ்கிக் கிடந்தது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கிருந்து பாலக்காடு தாண்டி அரை நாள் போக வேண்டும். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். நூற்றைம்பது வருஷத்து மரம், மொரீசியஸ் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன கப்பல் என்று சொல்லி, இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். தேங்காய் விலை இறங்கியிருந்த வாரம் அது. ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

தோட்டத்துச் சொந்தக்காரர் மயில்சாமிக்கு மட்டும் உள்ளே தங்கம் இருக்கும் என்று பட்டது. பவானியிலிருந்து பரிசல் வரவழைத்தார். கப்பலுக்குள் இறங்க ஆள் கிடைக்கவில்லை. அவர் காட்டில் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்த பழனியாத்தாள், “நான் போறனுங்க பண்ணாடி” என்றாள். அவள் பாட்டனின் பாட்டன் காலத்தில், ஊர்க்கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்களைப் புளியமரத்தில் கட்டி வைத்து ஊரார் அடித்த மறுநாள், ஊருக்கு வெளியே இருந்த அவர்கள் வளவிலிருந்து சில குடும்பங்கள் கப்பலேறப் போயிருந்தன. அப்புறம் ஒரு சேதியும் இல்லை. லேத்துப் பட்டறைக்குப் போகும் அவள் கணவன் அன்புமணி, லாரி டியூபையும் கண்ணாடியையும் வைத்து முகமூடி செய்து, மூச்சுவிடக் குழாயும் பொருத்திக் கொடுத்தான்.

பரிசலிலிருந்து இறங்கி, பாசி படிந்த மேல்தட்டின் மேல் குப்புற நீந்திப் போனாள். மூச்சை அடக்கி முங்கிக் கீழ்த்தட்டுக் கதவைத் திறந்தபோது, உள்ளே தண்ணீர் ஏறியிருக்கவில்லை. மூட்டைகளை மடியில் வைத்தபடி ஆட்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்த பெண்ணுக்குப் பழனியாத்தாளின் மூக்கு.

“கரை வந்துருச்சா கண்ணு?”

“வந்துருச்சுங்க.”

“எந்த ஊரு?”

“நம்மூருதானுங்க.”

அந்தப் பெண் கேட்டாள்: “ஊர்க்கெணத்துல நாம தண்ணி சேந்தறமா?”

பழனியாத்தாளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “இல்லீங்க. நமக்குன்னு தனியா ஒரு போர் போட்டுக் குடுத்திருக்காங்க.”

“அப்ப நாங்க எறங்குல. கதவச் சாத்திப்போட்டுப் போ அம்மணி.”

மேலே வந்தவளிடம் மயில்சாமி என்ன இருந்தது என்று கேட்டார். சேறுதானுங்க என்றாள். அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை.

வளவில் மட்டும் உள்ளதைச் சொன்னாள். அதன்பிறகு வளவிலிருந்து ஒவ்வொருவராகக் குளத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். மூன்றாம் வருஷம் பெரிய மழை பெய்து குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தது. விடிந்து பார்த்தால் கப்பல் இல்லை. வளவில் அடுப்புகள் சூடாக இருந்தன. ஆட்கள் யாரும் இல்லை. ஊரில் யாரும் தேடப் போகவில்லை. வெங்காயம் காட்டில் அழுகிக்கொண்டிருந்ததால், தருமபுரிப் பக்கமிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து இறக்கினார்கள்.